ஆறு பாட்டில், ஏழு பேர், ஒரு முழு சாயங்காலம்

சேலத்தில் குடியைப் பற்றி இரண்டு விதமான பேச்சுதான் உண்டு. ஒன்று, குடும்பமே நாசமாகிவிடும் என்பது. இன்னொன்று, எத்தனை அடித்தால் ஏறும் என்பது. என்ன ருசி, அந்த ருசி எங்கிருந்து வந்தது என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆச்சரியமும் இல்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கு கொண்டுவந்தபோது, மாகாணத்திலேயே முதலில் அமலானது நம்ம சேலம் மாவட்டத்தில்தான். ஒளிந்து குடிக்கிறவன் நிதானமாக ருசி பார்க்கவா போகிறான்? ஒரே மடக்கு, வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பு, அவ்வளவுதான். அப்புறம் 1971-ல் கடை திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். அந்த மடக்கு மட்டும் மாறவே இல்லை. இன்றைக்கும் கடை வாசலில் கேட்பது "ஸ்ட்ராங் இருக்கா, கூலிங்கா" என்பதுதான்.

என் கட்சி இது: பீரை ருசித்துப் பேசுகிற கூட்டம் நம் ஊரில் நடக்க வேண்டும். அதற்கு ஒரு படி மேலே போய், சொந்தத் தேவைக்கு வீட்டில் காய்ச்ச அனுமதியும் வேண்டும். திட்டுவதாக இருந்தாலும் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சமீபத்தில் ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில், நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்து வீட்டில் கூடினோம். எங்களோடு படித்தவன் ஒருவன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் கிளப் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். அவரவர் காய்ச்சியதைக் கொண்டுவந்து வைப்பார்கள், மற்றவர்கள் குறை சொல்வார்கள், அதுதான் கூட்டமே. லீவுக்கு வந்தவன் தான் காய்ச்சியதில் ஆறு பாட்டில் எடுத்து வந்திருந்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரி இல்லாமல் இரண்டு லிட்டர் கொண்டுவரலாம். 330 மில்லி பாட்டில் ஆறு என்றால் 1,980 மில்லி. ஆள் கணக்கில் கெட்டி.

நாங்கள் ஏழு பேர். ஆளுக்கு 300 மில்லிகூடத் தேறவில்லை. கடையில் விற்கிற 650 மில்லி பாட்டிலில் பாதிக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு வெயில் இறங்கும் முன் உட்கார்ந்தவர்கள், எழுந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கீழே இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு என்பதால் யாரும் வண்டியைத் தொடவில்லை, அங்கேயே தங்கினோம்.

வந்ததும் பீர் கொண்டுவந்த நண்பன் செய்த முதல் வேலை, நாங்கள் சேலத்திலிருந்து ஆசையாக வாங்கிப்போன தட்டுவடை செட்டைப் பிடுங்கி உள்ளே வைத்தது. காரச் சட்னி நாக்கில் இருந்தால் பீர் எங்கே தெரியும்? வெறும் பொரி, தண்ணீர், அவ்வளவுதான். ஐஸுக்கும் தடை. ரொம்பக் குளிர்ந்தால் மணம் எழும்பாது, நாக்கும் மரத்துவிடும். (சுமாரான சரக்கு ஜில்லென்று இருந்தால்தான் உள்ளே இறங்கும் என்பது என் சொந்தக் கருத்து.)

ஜெர்மன் கோதுமை பீரை மோந்தால் சுத்தமான வாழைப்பழ வாசம், பின்னாலேயே கிராம்பு. "எசன்ஸ் ஏதாச்சும் விட்டியா மாப்ள?" என்று ஒருவன் கேட்டான். இரண்டுமே பீரை நொதிக்க வைக்கிற ஈஸ்ட் செய்கிற வேலையாம். ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரில் காப்பி மணந்தது, காப்பி ஒரு துளி கிடையாது, கருக வறுத்த பார்லிதான். தோட்டக்காரர் கடைசிவரை நம்பவில்லை. அடுத்தது பெர்லின் பக்கத்துப் புளிப்பு பீர். நான் முகம் சுளித்தேன். தறிப் பட்டறை வைத்திருக்கும் மாமா மட்டும் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, "மத்தியானக் கள்ளு இப்படித்தாண்டா இருக்கும்" என்றார். 1987-ல் கள்ளுக்குத் தடை வருவதற்கு முன் குடித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எல்லோருக்கும் பிடித்தது பில்ஸ்னர். 1842-ல், இன்றைய செக் நாட்டில் இருக்கிற பில்சன் நகரில் பிறந்த வகை, நம் கடைகளில் கிடைக்கிற பொன்னிற லாகர் பீருக்கெல்லாம் மூதாதை. காய்ச்சினவனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "நல்லா மோந்து பாருங்க, வெண்ணெய் வாசம் வருது" என்றான். வந்தது. லாகர் ஈஸ்ட் பத்து டிகிரி குளிரில் மெதுவாக வேலை செய்கிற ஆசாமி. கடைசியில் கொஞ்சம் சூடும் அவகாசமும் கொடுத்தால், தான் உண்டாக்கிய அந்த வெண்ணெய் வாசத்தைத் தானே தின்று தீர்த்துவிடும். இவன் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்திருக்கிறான். தன் பீரைத் தானே ஃபெயிலாக்குகிற ஒருவனை அன்றுதான் பார்த்தேன்.

மார்க் போட ஒரு தாளும் கொடுத்தான். பீர் நடுவர்களுக்கு என்றே அமெரிக்காவில் ஒரு அமைப்பு இருக்கிறது, அவர்களுடைய முறை. மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் படுகிற விதத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. போதைக்கு ஒரு மார்க்கும் கிடையாது.

இனி சட்டம். இங்கே வீட்டில் காய்ச்சுவது குற்றம். நாங்கள் யாரும் காய்ச்சவில்லை, நீங்களும் இறங்காதீர்கள். மாற்றச் சொல்லித்தான் கேட்கிறேன். உடனே கள்ளக்குறிச்சியைக் காட்டுவார்கள். 2024 ஜூனில் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். சாராயத்தைப் போல பீரைக் காய்ச்சி வடிப்பதில்லை. மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, வெந்நீரில் ஊறவைத்து, சாற்றில் கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் விட்டு வைப்பதுதான். இரண்டையும் ஒரே கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை. குடிகாரனால் வீட்டில் அடிபட்டவர்கள் என்மேல் கோபப்பட்டால், அந்தக் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் குடிகாரன் நாலைந்து வாரம் காத்திருந்து பீர் காய்ச்சுகிற ரகமில்லை.

இங்கிலாந்தில்கூட 1963 வரை வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் வேண்டும். அமெரிக்காவில் 1978-ல்தான் சட்டம் வழிவிட்டது, அதுவும் வருஷத்துக்கு இவ்வளவுதான், விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. நமக்கும் அப்படியே லைசென்ஸ், அளவு, விற்றால் தண்டனை என்று எல்லாம் வைத்தே கொடுக்கட்டும். சேலத்து வெயிலில் ஈஸ்ட் என்ன ஆகும் என்று இங்கிலாந்து நண்பனிடம் கேட்டேன். நார்வேப் பண்ணைகளில் வழிவழியாகக் காப்பாற்றி வந்த க்வைக் என்ற ஈஸ்ட் 35 டிகிரியிலும் அலுங்காமல் வேலை செய்யுமாம். சித்திரையிலேயே ஆரம்பிக்கலாம் என்கிறான்.