சீடியின் எழுத்துப் பக்கம்தான் கவனம்

தம்பி, கீழ்ப்பக்கக் கீறல்தான் ஆபத்து, எழுத்துள்ள பக்கத்தை எப்படியும் பிடிக்கலாம், வட்டமாகத் துடைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் பிழை. கீழே லேசர் ஊடுருவுவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக். அதில் விழும் சின்னக் கீறலைப் பிளேயர் பெரும்பாலும் சமாளித்துவிடும், தேய்த்து மெருகேற்றவும் இடமுண்டு. பாட்டைத் தாங்கும் அலுமினியப் படலமோ மேல்பக்க அச்சுக்கும் மெல்லிய வார்னிஷுக்கும் அடியிலேயே இருக்கிறது. அது உரிந்தால் பாட்டுப் போச்சு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உரிந்த இடம் ஊசித்துளை மாதிரித் தெரியும்.

நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். பாட்டு சுருளாகப் பதிந்திருப்பதால் வட்டக் கீறல் அதே தடத்தை நீளமாகத் தின்னும். கல்லடிக் கடற்கரையில் நிறுத்திய காரில் இருந்த சீடியென்றால் அதில் மணல் இருக்கும். முதலில் தண்ணீரில் அலசுங்கள். பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டிய சீடியைக் கார் செட்டுக்குள் தள்ளவே வேண்டாம். வெக்கையில் பசை இளகிச் சிக்கினால் செட்டையே கழற்ற வேண்டிவரும்.