‘அந்தக் காலம் அப்படி’ என்பது போதிய பதிலா?

ஹாலிவுட்டின் தொடக்ககால நகைச்சுவைப் படங்களில் கறுப்பின மக்கள் காட்டப்பட்ட விதத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானமே முதலில் வந்து நிற்கிறது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அதே காலத்திலேயே அமெரிக்கத் திரைத்துறைக்குள் வேறு விதமாகவும் படமெடுக்க முடிந்திருக்கிறது.

பஹாமாஸில் பிறந்து நியூயார்க் மேடைகளில் பெரும்புகழ் பெற்ற பெர்ட் வில்லியம்ஸ் கதாநாயகனாக நடிக்க, ஏராளமான கறுப்பினக் கலைஞர்கள் பங்கேற்ற ஒரு நகைச்சுவைப் படம் 1913-இல் எடுக்கப்பட்டது. கறுப்பினத்தவரான அவரே அன்றைய மேடை வழக்கப்படி முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் நடித்தார் என்பது வேதனைக்குரியது. ஆயினும் அவரைச் சுற்றியிருந்தவர்கள் பூச்சு ஏதுமின்றித் தங்கள் இயல்பான முகத்தோடு உடுத்தி, ஆடி, ராட்டினம் ஏறி மகிழ்கிறார்கள். காதலர் இருவர் முத்தமிட்டுக்கொள்வதும் கேலியாக்கப்படாமல் காதலாகவே படமாகியிருக்கிறது. அந்தப் படம் முடிக்கப்படவும் இல்லை, வெளியிடப்படவும் இல்லை. பயோகிராஃப் என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தின் பழைய படச்சுருள்களோடு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்த அது, 2014-இல்தான் பார்வையாளர்களுக்குத் திரையிடப்பட்டது. வில்லியம்ஸ் 1922-லேயே காலமாகிவிட்டார்.

மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் உடல்மொழிக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனாலும் ‘செவன் சான்சஸ்’ (1925) படத்தில், மணப்பெண் தேடி அலையும் நாயகன் தெருவில் ஒரு பெண்ணின் பின்னால் ஓடிச் சென்று, அவள் கறுப்பினத்தவள் என்று கண்டதும் திரும்பி நடக்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அங்கே நகைச்சுவையாக முன்வைக்கப்படுவது அவளுடைய நிறம் மட்டுமே.

தயாரிப்பாளர் ஹால் ரோச் 1922-இல் தொடங்கிய ‘அவர் கேங்’ (Our Gang, ‘நம் கூட்டாளிகள்’) என்ற சிறுவர் நகைச்சுவைக் குறும்படங்களை இவ்வளவு எளிதாக எடைபோட முடியாது. தென் மாநிலங்களில் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் ஒரே பள்ளியில் படிப்பதைச் சட்டமே தடுத்திருந்த நாட்களில், சன்ஷைன் சாமி மாரிசனும் ஃபரீனா ஹாஸ்கின்ஸும் வெள்ளையினச் சிறுவர்களோடு ஒரே கூட்டாளிகளாகத் திரையில் விளையாடினார்கள். அதே படங்களில்தான் பயந்து நடுங்குவதும் தர்பூசணிக்கு ஆசைப்படுவதும் கறுப்பினக் குழந்தைக்கென்றே ஒதுக்கப்பட்ட நகைச்சுவைகளாக இருந்தன. இருந்தும், அந்தக் கூட்டு விளையாட்டு எத்தனை வலிமையானது என்பதை எதிர்ப்பவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ரோச் பிற்காலத்தில் அதே பாணியில் தயாரித்த ‘கர்லி’ படத்தை மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைக் குழு 1947-இல் தடைசெய்தது. இரு இனக் குழந்தைகளும் ஒரே வகுப்பறையில் இருப்பதாகக் காட்டியதே அதற்குக் காரணம்.

1970-களில் இக்குறும்படங்கள் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தபோது இனக் கேலிகள் வெட்டப்பட்டன. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அப்படி வெட்டும்போது ஃபரீனா, ஸ்டைமி போன்ற பிள்ளைகளின் அபாரமான நடிப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. அத்தகைய நகைச்சுவைகளை எழுதியவர்களும் பொறுப்பிலிருந்து தப்பிவிடுகிறார்கள். படங்களை முழுமையாகத் திரையிட வேண்டும். தொடங்குமுன் பின்னணியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மௌனப்பட விழா நடத்துபவர்கள் கீட்டன், அவர் காலத்து நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாயிட் ஆகியோரின் படங்களோடு பெர்ட் வில்லியம்ஸின் 1913-ஆம் ஆண்டுக் காட்சிகளையும் அதே நிகழ்ச்சியில் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.