கைகோத்த படமும் கொறடா உத்தரவும்

மகளிர் தினம் வந்தால் போதும், அந்தப் படம் தவறாமல் சுற்றுக்கு வந்துவிடும். 2010 மார்ச் 9, மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மாநிலங்களவையில் 186-க்கு 1 என்று நிறைவேறிய நாள். பாஜகவின் சுஷ்மா சுவராஜும் நஜ்மா ஹெப்துல்லாவும் மார்க்சிஸ்ட் பிருந்தா காரத்தும் கைகோத்துச் சிரிக்கிறார்கள். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அதைப் போட்டு, "பெண்கள் ஒன்றுசேர்ந்தால் எல்லாம் நடக்கும்" என்று எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அந்த மசோதா மக்களவையில் ஓட்டெடுப்புக்கே வரவில்லை. 2014-இல் அவை கலைந்ததும் காலாவதியானது.

உழைப்பில் குறை இல்லை. 1996-இல் மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழுவின் தலைவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கீதா முகர்ஜி. சுஷ்மா, மம்தா, உமா பாரதி எல்லாரும் அதே குழுவில். செப்டம்பரில் வந்த மசோதாவுக்கு டிசம்பரிலேயே அறிக்கை தயார். (நம்மூரில் பட்டா மாறுதலுக்கே அதைவிட நாளாகும்.) எல்லாருக்கும் ஒரே கருத்தும் இல்லை. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள்ஒதுக்கீடு வேண்டும் என்று உமா பாரதி தன் கட்சியின் நிலைப்பாட்டை மீறிக் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் நியாயமானது என்பேன்.

1998-இல் நம் தம்பிதுரை சட்ட அமைச்சர். மசோதா அவைக்கு வந்தபோது லாலுவின் ஆர்ஜேடி கட்சி எம்.பி. ஒருவர் பிரதியைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழித்தவராவது வெளிப்படையாகக் கிழித்தார். மேடையில் ஆதரவு பேசிவிட்டு, "கருத்தொற்றுமை வரட்டும்" என்றே இழுத்தடித்த தலைவர்களை என்ன சொல்வது? அவர்களை மீறிப் பெண் எம்.பி.க்கள் எவ்வளவுதான் செய்ய முடியும்? 1985 முதல் கட்சித்தாவல் தடைச்சட்டம் இருக்கிறது. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் கொறடா இடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும்.

2023-இல் புதிதாகக் கொண்டுவந்த மசோதா 454-க்கு 2 என்று மக்களவையில் நிறைவேறியது. அதிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை முடிந்த பிறகே அமல் என்று இரண்டு பூட்டு. 2024 தேர்தல் பழையபடியே நடந்தது. 2019-இல் 78 ஆக இருந்த பெண் எம்.பி.க்கள் 74 ஆனார்கள். இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? 2021 தமிழகச் சட்டமன்றத்தில் 234 பேரில் பெண்கள் 12.

2019-இல் ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் 21 மக்களவைத் தொகுதிகளில் 7-ஐப் பெண்களுக்குக் கொடுத்தது. 5 பேர் ஜெயித்தார்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. கைகோக்க விரும்பும் பெண் எம்.பி.க்கள் முதலில் அவரவர் தலைவரிடம் இந்தக் கணக்கைக் கேட்கட்டும். சீட் கேட்பதைத் தடுக்கக் கொறடாவால் முடியாது. கேட்டால் அடுத்த முறை தனக்கே சீட் கிடைக்காது என்ற பயம் இருக்கத்தான் செய்யும். அதனால்தான் தனித்தனியாகப் போகாமல், எல்லாக் கட்சியிலும் ஒரே நாளில் கேளுங்கள் என்கிறேன்.