அலாய் வீல் வாங்கும்போது யாரும் கேட்காத அளவு

செங்கோட்டை, தென்காசி, புனலூர் வட்டாரத்தில் செடான் கார் ஓட்டும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். சக்கரம் காருக்குள் எவ்வளவு அடங்கி நிற்கும் என்று காட்டும் ஆஃப்செட் அளவைச் சொல்லாமல் அலாய் வீல் விற்பதும், அதைக் கேட்காமல் வாங்குவதும் நம் ஊரில் நிற்கவேண்டும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகும் கார் என்றால் இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கடையில் நடப்பது என்ன? எத்தனை அங்குலம், நான்கு போல்ட்டா ஐந்து போல்ட்டா, கறுப்பா வெள்ளியா, பழைய வீலை எடுத்துக்கொண்டால் எவ்வளவு கழிப்பீர்கள். இவ்வளவுதான் பேச்சு. போல்ட் துளை பொருந்திவிட்டால் வீல் பொருந்திவிட்டது என்று இரு தரப்பும் நம்பிவிடுகின்றன. ஒரே துளை அளவில் வரும் வீல்களிலேயே ஒன்று காருக்குள் அடங்கி நிற்கும், இன்னொன்று மட்கார்டுக்கு வெளியே எட்டிப்பார்க்கும்.

சக்கரத்தின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹப்பில், அதாவது காரில் வீலை மாட்டும் நடுப்பகுதியில், போய் உட்காரும் முகம் அந்த நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். நம் முன்சக்கர இயக்கச் செடான்களில் அந்த முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்புறமாக, ஸ்போக் தெரியும் பக்கமாக இருக்கும். ஸ்போக்கின் பின்பக்கத்தில் 'ஈ.டி. 45', 'ஈ.டி. 38' என்று வார்த்திருப்பார்கள். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே நகரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி வீல் 6 அங்குல அகலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வாங்கியது 7 அங்குல அகலம், ஆஃப்செட் 35. அகலத்தில் கூடிய ஓர் அங்குலம் இரு பக்கமும் பாதிப் பாதியாக, தலைக்கு 12.7 மில்லிமீட்டர் பிரியும். ஆஃப்செட் குறைந்ததால் முழுச் சக்கரமும் 10 மில்லிமீட்டர் வெளியே போகும். ஆக வெளி விளிம்பு 22.7 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடுகிறது. உள் விளிம்போ ஸ்பிரிங்கைத் தாங்கும் ஸ்ட்ரட் பக்கமாக 2.7 மில்லிமீட்டர் நெருங்குகிறது. ஒரு காகிதத்தில் ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்தக் கணக்கை எந்தக் கடையிலும் போட்டுக் காட்டி நான் பார்த்ததில்லை.

வீலை மாட்டியதும் எப்படிச் சோதிக்கிறார்கள்? கார் காலியாக, சமதளத்தில் நிற்கிறது. ஸ்டீயரிங்கை ஒருமுறை இடமும் வலமும் ஒடித்துப் பார்க்கிறார்கள். உரசல் சத்தம் இல்லை. பணம் கைமாறுகிறது. புளியரை எஸ் வளைவில் ஐந்து பேரோடும் பின்னால் நிறைந்த டிக்கியோடும் ஏறும்போது அந்தக் கார் இப்படியா நிற்கும்? கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஓயாமல் கேரளத்துக்குப் போகின்றன. அவை அழுத்திவிட்ட தார், வளைவுகளில் அலை அலையாகப் புடைத்திருக்கிறது. எதிரே லாரி வந்தால் நாம் தார் விளிம்பை விட்டுக் கீழே இறங்கி ஏறவேண்டும். பின் ஸ்பிரிங் முழுதாக அமுங்குவது அந்த இடத்தில்தான். மட்கார்டுக்கும் டயருக்கும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

என் மைத்துனர் காரில் அது தெரிந்தது. கொல்லத்தில் ஒரு கல்யாணம். வண்டி நிறைய ஆட்கள். தென்மலைக்கு முன்னாலேயே ரப்பர் கருகும் வாடை வந்தது. சாலையோரப் பட்டறையில் ஜாக்கி போட்டுப் பின்சக்கரத்தைக் கழற்றினார்கள். டயரின் வெளித்தோளில் சுற்றளவு முழுக்க ஒரு வெட்டு, விரல் நகம் முழுதாக உள்ளே போகும் ஆழம். மட்கார்டின் மடிப்பு விளிம்பு, டயர் உரசி உரசிப் பெயின்ட் போய் வெள்ளித்தகடாக மின்னியது. அதன் கூர்முனையில் ரப்பர் துருவல் கறுப்புச் சுருளாக ஒட்டியிருந்தது. பட்டறைக்காரர் ஆரியங்காவுத் தமிழர். "அண்ணாச்சி, ஆளில்லாமல் பார்த்தால் இது தெரியவே தெரியாது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் டயருக்குள் இருக்கும் நூல் தெரிந்திருக்கும்" என்றார். அந்த வண்டியின் பின் இருக்கையில் என் தங்கையும் அவள் குழந்தைகளும் இருந்தார்கள்.

வீல் விற்ற கடைக்கு மைத்துனர் போனபோது இரண்டு யோசனை சொன்னார்களாம். மட்கார்டின் உள்மடிப்பைத் தட்டி மேலே மடக்கிவிடலாம். அல்லது ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே ரப்பர் பஃபர் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிடலாம். மடக்கிய இடத்தில் பெயின்ட் வெடிக்கும். ஆடி மாதச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் நனைகிற இந்த ஊரில் பெயின்ட் வெடித்த தகடு துருவேற எத்தனை நாளாகும்? பஃபர் வைத்தால் அமுங்கவேண்டிய ஸ்பிரிங் அமுங்காது. அந்த இடி பாடிக்குப் போகும், பயணிகளின் முதுகெலும்புக்குப் போகும். தவறான வீலுக்காகச் சரியான காரை வெட்டி ஒட்டச் சொல்லும் இந்த வைத்தியத்தைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது.

உரசல் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. தெரியாதவை இன்னும் முக்கியமானவை. இடுப்பில் ஒட்டி வைத்த குடத்துக்கும் கையை நீட்டிப் பிடித்த குடத்துக்கும் உள்ள வேறுபாடுதான் வீல் பேரிங்குக்கு நேர்வது. டயரின் நடுக்கோடு பேரிங்கின் நடுவை ஒட்டி விழும்படி வடிவமைத்திருப்பார்கள். சக்கரம் வெளியே நகர்ந்தால் அதே எடை கூடுதல் நெம்புவிசையோடு இறங்கும். பேரிங் சீக்கிரம் இரைய ஆரம்பிக்கும், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் சீக்கிரம் தேயும்.

ஸ்டீயரிங் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முன்சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையில் படியும் நடுவிடத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் இதை மிகச் சிறியதாகவோ, எதிர்மமாகவோ, அதாவது அச்சுக்கோடு டயர் நடுவுக்கு வெளியே விழும்படியோ வைத்திருப்பார்கள். 1972இல் வந்த ஆடி (Audi) 80 கார் இந்த எதிர்ம அமைப்புக்குப் பேர்போனது. காரணம் எளிது. இடப்பக்க டயர்கள் மண்ணிலும் வலப்பக்க டயர்கள் தாரிலும் இருக்கும்போது பிரேக் போட்டால், பிடிப்பு அதிகமுள்ள வலப்பக்கம் காரை இழுக்கும். எதிர்ம அமைப்பில் அந்த இழுவிசையே முன்சக்கரத்தை எதிர்த்திசையில் லேசாகத் திருப்பி வண்டியை நேராக வைக்க உதவும். ஆஃப்செட்டை 10 மில்லிமீட்டர் குறைத்தால் ஸ்க்ரப் ரேடியஸும் ஏறத்தாழ அதே 10 மில்லிமீட்டர் நேர்மப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. உதவி செய்த விசை குறைகிறது, அல்லது உபத்திரவமாகத் திரும்புகிறது. லாரிக்கு ஒதுங்கி ஒரு பக்கச் சக்கரங்களை மழை ஈர மண்ணில் இறக்கி பிரேக் மிதிப்பதென்பது நம் சாலையில் ஒரே பயணத்தில் பலமுறை நடப்பது. கார் கம்பெனி நமக்குச் செய்துவைத்த பாதுகாப்பு அது. நம் பிள்ளைகளுக்காக வைத்த பாதுகாப்பு. அதை அழகுக்காகக் கழற்றிப் போடக்கூடாது.

வெளியே நகர்ந்தால் நிற்கும் அகலம் கூடும், வளைவில் வண்டி சாய்வது குறையும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பந்தயக் காரில் அதற்கேற்ப ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் கோணம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறார்கள். நாம் மாற்றுவது வீலை மட்டும்தான். பெரும்பாலான செடான்களின் பின்பக்க அச்சில் சக்கரத்தின் சாய்கோணத்தைச் சரிசெய்ய வழியும் இல்லை.

வீலின் நடுத்துளை, நட்டு இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல கார்களுக்கும் பொதுவாகச் செய்த வீல்களின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கும். ஹோண்டா சிட்டியின் ஹப் விட்டம் 56.1 மில்லிமீட்டர். துளைக்கும் ஹப்புக்கும் உள்ள இடைவெளியை அடைக்கும் வளையம் இல்லாமல் மாட்டினால் சக்கரத்தை நடுவில் நிறுத்தும் வேலை நட்டுகளின் தலையில் விழும், வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். ஹோண்டாவின் சொந்த நட்டு உருண்டை அமர்வு கொண்டது, அதாவது வீலில் பதியும் முகம் உருண்டையானது. வெளி வீல்கள் பெரும்பாலும் கூம்பு அமர்வு. பழைய நட்டையே முறுக்கி அனுப்பினால் அது ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நாளடைவில் தளரும்.

சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தை மாற்றியமைப்பது பற்றியது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் நிறுத்திக் கேட்கமாட்டார்கள் என்று எண்ணவேண்டாம். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம், விபத்து இழப்பீடு கேட்கும்போது தகராறாகவும் வந்து நிற்கும்.

வீலே மாற்றாதீர்கள் என்பது என் வாதம் அல்ல. பல செடான்களில் கீழ்நிலை வகைக்கு 15 அங்குலமும் மேல்நிலை வகைக்கு 16 அங்குலமும் கம்பெனியே கொடுக்கிறது. அந்த மேல்நிலை வீலின் அகலம், ஆஃப்செட், டயர் அளவு மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் நான் எவருக்கும் சொல்லும் முதல் வழி. வெளி வீல்தான் வேண்டுமென்றால் ஆஃப்செட்டைக் கம்பெனி அளவுக்கு ஓரிரு மில்லிமீட்டருக்குள் நிறுத்துங்கள். குறைவான ஆஃப்செட்டை அகலமான வீலோடு சேர்த்து வாங்கவே வேண்டாம். சக்கரம் தாங்கும் எடை பின்புறம் கிலோ கணக்கில் வார்த்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வீல் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பணம் கொடுக்குமுன் வீட்டு ஆட்கள் ஐந்து பேரையும் ஏற்றி, டிக்கியை நிரப்பி, கடை வாசலில் இருக்கும் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கச் சொல்லுங்கள். இறங்கியதும் நான்கு மட்கார்டுகளின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடை நடத்துகிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். பில்லில் வீலின் பெயரும் விலையும் எழுதுகிறீர்கள். பக்கத்திலேயே அகலமும் ஆஃப்செட்டும் எழுதிவிடுங்கள். அதன் கீழே அந்தக் காரின் கம்பெனி அளவையும் எழுதிவிடுங்கள். அந்த இரண்டு வரியைப் பார்த்த பிறகும் ஒருவர் வாங்கினால் அது தெரிந்து எடுத்த முடிவு.