நாலு ஆப் போதுமாம் எங்களுக்கு

அந்த 40 நொடி வீடியோவை இன்பாக்ஸில் அனுப்பியது போதும், இனி யாரும் அனுப்ப வேண்டாம். நான் அந்த மேடையில்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் பேசும்போது என் முகம் போன போக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

அதைப் பார்க்காதவர்கள் என் நட்புப் பட்டியலில் இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வடசென்னை மாதிரி ஏரியாவுக்கு முதலில் நாலு நல்ல ஆப்பை டேட்டா செலவில்லாமல் இலவசமாகக் கொடுப்போம், படிப்புக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, அரசுச் சேவைக்கு ஒன்று. எல்லாத் தளமும் எல்லாருக்கும் ஒரே மாதிரி என்கிற திறந்த இணையமெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் பேசுகிற பேச்சு என்றார். அரங்கமே கைதட்டியது. தட்டிய கைகளில் இருந்த போன்களில் எத்தனை ஆப் இருந்தன என்று யாரும் எண்ணவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வீட்டில் ஃபைபர், ஆபீசில் தனி லைன், பையில் இரண்டு போன் என்று இருப்பவருக்கு ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி உண்டு. எங்கள் வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டுக்கே ஒரு போன், ஒரு சிம். மாதக் கடைசியில் ரீசார்ஜுக்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று. அந்த வீட்டுக்கு இணையம் என்றால் அந்த ஒரு வழிதான். அதிலும் பாதியை அடைத்துவிட்டு மீதியை இலவசம் என்று கொடுத்தால் அவர்கள் எங்கே போவார்கள்? முழு இணையம் முதலில் வேண்டியது எங்களுக்குத்தான்.

அவர் ஏதோ நேற்றுத்தான் இதைக் கண்டுபிடித்த மாதிரி பேசினார். 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட் டாட் ஆர்க் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிறகு அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். அதுவும் இதே நாலு ஆப் கதைதான். எந்தத் தளம் உள்ளே வரலாம் என்று விதி போட்டது அவர்கள். வருவதும் போவதும் அவர்களுடைய சர்வர் வழியாக. வீடியோ கிடையாது, பெரிய படம் கிடையாது, இணையம் வழியாகப் பேசுவதும் கிடையாது. (ஆமாம், இதை ஃபேஸ்புக்கில்தான் எழுதுகிறேன். கண்டுபிடித்து கமென்ட் போடக் காத்திருந்தவர்களுக்கு வாழ்த்துகள்.)

அந்த வருட ஏப்ரலில், திறந்த இணையம் வேண்டும் என்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போயின. டிராய் வெளியிட்ட, நூறு பக்கத்தைத் தாண்டிய ஆங்கில ஆலோசனை அறிக்கையை வைத்துக்கொண்டு, தண்டையார்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிப் புரியவைத்தோம். டிசம்பரில் ஃபேஸ்புக் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. ஃபேஸ்புக்கில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், ஃப்ரீ பேசிக்ஸுக்கு எழுதி வைத்த ஆதரவுக் கடிதம் உங்கள் பெயரில் டிராய்க்குப் போய்விடும். கேட்ட கேள்விக்கு இவை பதில் இல்லையே என்று டிராயே சொன்னது. 2016 பிப்ரவரி 8 அன்று உத்தரவு வந்தது: தளத்தைப் பார்த்து டேட்டா கட்டணம் மாறக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். அவர் சொன்ன மாதிரி ஒரு மொபைல் கம்பெனி நாலு ஆப்பை மட்டும் இலவசமாகக் கொடுத்தால் அது விதிமீறல். இதையும் அதே மேடையில் சொன்னேன். அந்த 40 நொடிக்குள் அது வரவில்லை.

‘விக்கிப்பீடியாவை மட்டும் இலவசமாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?’ நியாயமாகத் தோன்றுகிற கேள்வி. விக்கிப்பீடியா ஜீரோ என்று அதையும் செய்து பார்த்தார்கள், இந்தியாவில் 2013ல் ஏர்செல்லோடு. 2018ல் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியவள் நான். அதற்கும் தனிச் சலுகை வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அப்புறம் ஒருவர் கேட்டார், ரேஷன் அரிசி இலவசம்தானே, அதையும் எதிர்ப்பீர்களா என்று. ஐயா, அந்த அரிசியை நான் சோறாக்கலாம், இட்லிக்கு ஊறப் போடலாம், கோழிக்கும் இறைக்கலாம். பொங்கல் மட்டும்தான் வைக்க வேண்டும், அதுவும் நாங்கள் சொல்கிற பானையில் என்று எந்த ரேஷன் கடையிலும் சொல்வதில்லை.

வியாசர்பாடிப் பையன் ஒருவன் ரிச்சி தெருவில் போன் சர்வீஸ் கடையில் இருக்கிறான். எங்கள் ஞாயிறு வகுப்புக்கு வந்தவன், பத்தாவதில் கணக்கில் போனவன். சேர்ந்த புதிதில் கடையைக் கூட்டினான், டீ வாங்கி வந்தான், பார்ட்ஸ் வாங்க ஓடினான். போர்டில் கை வைக்க முதலாளி விடவில்லை. எந்த ஐசி சிப் எங்கே இருக்கிறது, எந்த முனையில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று காட்டும் சர்க்யூட் படங்கள், யாரோ ஒரு ரஷ்யக்காரர் நடத்தும் தளத்தில் கிடந்தன. பார்க்கவே சகிக்காத தளம், பக்கம் முழுக்க விளம்பரம். அவனுக்கு அந்த மொழியில் ஓர் எழுத்து தெரியாது. படம் புரிந்தது. மீதியை மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, கடை சாத்திய பிறகு, தூக்கிப்போட வைத்திருந்த போர்டுகளில் கற்றுக்கொண்டான். இப்போது மற்ற கடைகள் கைவிரித்த போன்கள் அவனிடம் வருகின்றன. நாலு ஆப்பைத் தேர்ந்தெடுக்கப்போகும் ஏதோ ஒரு கமிட்டி இந்த ரஷ்யத் தளத்தை எதில் சேர்க்கும்? படிப்பிலா, வேலையிலா? அவர்களுக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. எனக்கும் தெரியாது, அவன்தான் எனக்குக் காட்டினான்.

‘ஏழைக்கு இணையம் கொண்டுவந்தது ஜியோ, உங்கள் போராட்டம் இல்லை’ என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பாதி சரி. ஜியோ வந்த 2016 செப்டம்பருக்கு முன்னால் ஒரு ஜிபிக்கு 200, 250 ரூபாய் கொடுத்தோம், அதற்குப் பிறகுதான் விலை விழுந்தது. மறுக்கவில்லை. ஆனால் தம்பி, விலை விழுவதற்கு ஏழு மாதம் முன்னாலேயே அந்த உத்தரவு வந்துவிட்டது. மலிவு டேட்டாவை வைத்துக்கொண்டு நீங்கள் நினைத்த தளத்துக்குப் போகிறீர்களே, அதில் அந்த உத்தரவுக்குப் பங்கில்லையா?

‘ரீல்ஸ்தானே பார்க்கிறார்கள்?’ பார்க்கட்டும். வசதியான பெசன்ட் நகரிலும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

எங்களுக்கு உதவியே ஆக வேண்டும் என்று அவ்வளவு துடிப்பு இருந்தால், செய்ய வேண்டிய வேலை கண்ணெதிரே கிடக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம்-வாணி என்கிற பொது வைஃபை திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. டீக்கடைக்காரர்கூட உரிமம் வாங்காமல் வைஃபை விற்கலாம். எங்கள் தெருமுனைக் கடையில் வைக்கப் பார்த்தோம். லைன் கொடுக்க வேண்டிய கம்பெனி, வீட்டு இணைப்பு விலையில் தர முடியாது, கம்பெனிகள் எடுக்கிற தனி இணைப்பான லீஸ்டு லைன் எடுங்கள் என்றது. அந்தத் தொகையைக் கேட்டதும் கடைக்காரர், ‘அக்கா, அந்தக் காசுக்கு நான் இன்னொரு கடையே போட்டுடுவேன்’ என்றார். இதைப் பற்றிப் பேச எந்த அரங்கத்திலும் எனக்கு 40 நொடி கிடைத்ததில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. படகும் வலையும் கறுத்துப்போய் நின்றதை நான் முதலில் பார்த்தது மீனவர்கள் தங்கள் போனில் எடுத்து அனுப்பிய வீடியோவில்தான். அதை அவர்கள் எந்த ஆப்பில் போட்டிருக்க வேண்டும், உடம்புக்கான ஆப்பிலா? மே 2018ல் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். செத்தவர்கள் வீட்டில் அப்போது யாருக்கு வயிறு நிறைந்திருந்தது?

சரி, கோபத்தில் எங்கோ போகிறேன். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவரை அறிமுகம் செய்யப் பட்டம், பதவி, போன நாடுகள் என்று ஒரு பக்கம் படித்தார்கள். எனக்கு, ‘குப்பத்துப் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் சொல்லித்தரும் அக்கா.’ டிராய்க்கு மனு எழுதியவள், பாரிமுனையில் சின்ன ஆபீஸ்களின் சர்வரைப் பகலில் பார்த்துக்கொண்டு அந்தச் சம்பளத்தில் இந்த வேலையை ஓட்டுகிறவள் என்று சொன்னால் மேடைக்குத் தூக்கலாகத் தெரியாது போலிருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கப்பா கடைசிவரை கேட்டார், ‘இதுக்கு யாரும்மா உனக்கு சம்பளம் குடுக்கிறாங்க?’ என்று. அவர் கேட்டதில் அக்கறை இருந்தது. கூட்டம் நடத்தியவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது ஒரு துணிப்பையும் மரக்கன்றும். ஆட்டோவுக்கு என் காசு.

உரிமை பேசுவது எங்கள் ஊருக்குப் புதுசு என்று நினைக்கிறார்கள். பி அண்ட் சி துணி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது பெரம்பூர்ப் பக்கம்தான். (அதைத் தொடங்கிய பி.பி. வாடியா அடையாறிலிருந்து வந்தவர்தான், தெரியும். வந்து சங்கம் வைத்தார், ஆப் கொடுக்கவில்லை.)

கடைசியில் கேள்வி நேரம். முதல் கேள்வியே எனக்கு: ‘மேடம், உங்களுக்கு ஃபண்ட் எங்கேயிருந்து வருது?’ கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். என் கணக்கு நோட்டை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டலாம், பெரும்பாலும் செலவுப் பக்கம்தான் நிரம்பியிருக்கும். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர் கொடுத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டு என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், அவர் ஆலோசகராக இருக்கும் கம்பெனிகளின் பெயர்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆப் செய்கிற கம்பெனி.