கையும் காலும் கேட்டு நான் அனுப்பிய மெயில்

பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டி, மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு வரியால் ஒரு வாத்து போச்சு. நிஜ வாத்து இல்லை, குழந்தைகள் டீ-ஷர்ட்டின் நெஞ்சில் போட வேண்டிய எம்ப்ராய்டரி வாத்து. ஒரு வாரமாக வயிறு எரிகிறது, எங்காவது கொட்டியாக வேண்டும், இங்கே கொட்டுகிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் நடத்துகிறவர்கள் யாராவது படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை எனக்கு. விடிந்தால் பொழுது போனால் எங்களிடம் சரக்கு வாங்குகிற இங்கிலாந்து பையர்களுக்கு மெயில். ஜிஎஸ்எம், ஷேட், லேப் டிப், ஷிப்மென்ட் தேதி என்று தொழில் ஆங்கிலம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பையர் நடுவில் கிண்டலாக ரெண்டு வரி எழுதிவிட்டால் முழிதான். அது திட்டா பாராட்டா என்று தெரியாமல் பக்கத்து சீட்டுக்காரனைக் கூப்பிட்டு, அவனுக்கும் தெரியாமல், ரெண்டு பேரும் ‘நோட்டட் வித் தேங்க்ஸ்’ என்று போட்டு அனுப்பிவிடுவோம். இப்படியே எத்தனை வருஷம் ஓட்டுவது என்றுதான் ஒரு பேக்கரி மாடியில் நடந்த அந்தக் கிளாஸில் சேர்ந்தேன்.

அங்கே ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். நூறு மரபுத்தொடர்கள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். அதில் ‘காஸ்ட் அன் ஆர்ம் அண்ட் எ லெக்’ (வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால், ஒரு கையும் ஒரு காலும் விலையாகும்) என்பதற்கு எதிரே ‘அதிக விலை’ என்று இருந்தது. ‘பே த்ரூ த நோஸ்’ என்பதற்கு எதிரேயும் ‘அதிக விலை’. ‘டேலைட் ராபரி’, அதற்கும் அதே. ‘ரிப்-ஆஃப்’, ‘ஸ்டீப்’, எல்லாவற்றுக்கும் அதே ரெண்டு வார்த்தை. அஞ்சும் ஒண்ணுதானா சார் என்று கேட்டேன். ஒண்ணுதான், எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், வெள்ளைக்காரன் அசந்துவிடுவான் என்றார்.

போட்டேன். அசந்துவிட்டார்.

நடந்தது இதுதான். டீ-ஷர்ட்டில் வாத்து பிரிண்டாகத்தான் பேசி முடித்திருந்தது. எங்கள் பையர் ஒரு அம்மா, அவர் இதையே எம்ப்ராய்டரியாகப் போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தார். எம்ப்ராய்டரிக்குத் தையல் எண்ணிக்கையை வைத்து ரேட், ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று. டிசைனை யூனிட்டுக்கு அனுப்பிக் கணக்குப் போட்டு வர ஒரு நாள் ஆகும். அதுவரை சும்மா இருக்காமல், விலை கொஞ்சம் கூடும், நாளைக்குக் காஸ்டிங் (விலைக் கணக்கு) அனுப்புகிறேன் என்று ஒரு வரி எழுத நினைத்தேன். இவ்வளவுதான் என் மனசில் இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. ‘தி எம்ப்ராய்டரி வில் காஸ்ட் யூ அன் ஆர்ம் அண்ட் எ லெக்’ என்று அடித்து, ரெண்டு தடவை வாசித்துப் பார்த்து, மூணு மாசப் படிப்பு வீண் போகவில்லை என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பதில். அப்படியானால் வேண்டாம், என் கையும் காலும் எனக்கு வேண்டியிருக்கிறது என்று ஒரே வரி. நல்ல ஜோக் என்று நானும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காஸ்டிங் வந்தது, பீசுக்கு 14 ரூபாய்தான் கூடுகிறது, அனுப்பினால் அந்த அம்மா முந்தின நாளே பிரிண்டுக்கு அப்ரூவல் கொடுத்து முடித்துவிட்டார். பதினாலு ரூபாய்! அந்த ஊரில் ஒரு டீ கூட கிடைக்காத காசுக்கு நான் ஒரு கையையும் ஒரு காலையும் கேட்டிருக்கிறேன்.

முதலாளி ஒன்பதாவது வரை படித்தவர். மெயிலைக் காட்டச் சொல்லி, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “ஏந் தம்பி, நம்ம வெலைய நாமளே கொள்ளைன்னு எழுதறதுங்களா?” என்றார்.

அவ்வளவுதாங்க விஷயம். ஒரு நிமிஷத்தில் அவருக்குப் பிடிபட்டது பன்னிரண்டாயிரம் வாங்கினவருக்குப் பிடிபடவில்லை. அந்தத் தொடருக்கு ‘அதிக விலை’ என்று அர்த்தமே இல்லை. காசு கொடுத்தவன் விடுகிற பெருமூச்சு அது. விற்கிறவன் வாயில் வரக்கூடாத வார்த்தை. நம் ஊரில் எந்த ஜவுளிக்கடைக்காரராவது, வாங்க அக்கா, இந்தப் பட்டு யானை விலை குதிரை விலை, எடுத்துப் பாருங்க என்று சொல்வாரா? ரேட்டு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆனா சரக்கு அப்படிங்க்கா என்பார். யானை விலை குதிரை விலை என்பது வாங்கிக்கொண்டு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொல்கிற வார்த்தை. ஒரு மொழிக்குள் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வெளியிலிருந்து போகிறவனுக்கு இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். இதை விட்டுவிட்டு மீதி எல்லாம் சொன்னார்கள்.

விற்கிறவர் அதைச் சொல்ல ஒரே ஒரு வழி உண்டு, இல்லை என்று சொல்லும்போது. கையும் காலும் கொடுக்காமலே வீட்டைப் புதுப்பிக்கலாம் என்கிற மாதிரி விளம்பரங்கள் அங்கே ஏராளம். அதுவும் கடை போர்டு பாஷைதான், காஸ்டிங் மெயிலில் எழுதுகிற சமாச்சாரம் இல்லை.

சரி, அந்த அஞ்சும் ஒண்ணுதானா? இல்லவே இல்லை. கையும் காலும் போச்சு என்றால் விலையைப் பற்றிய புலம்பல், அதில் கடைக்காரர் மேல் பெரிய குற்றச்சாட்டு இல்லை. காருக்கு ரிப்பேர் பார்த்தேன், கை கால் போச்சு என்று மெக்கானிக் முன்னாலேயே சிரித்துக்கொண்டு சொல்லலாம். ‘டேலைட் ராபரி’ என்றால் அந்த மெக்கானிக்கைத் திருடன் என்கிறோம். நம் பகல் கொள்ளைக்குச் சொந்த அண்ணன், சூடு கூட அதே சூடு. ‘ரிப்-ஆஃப்’ ஏமாற்றிவிட்டான் என்பது, விலை சின்னதாக இருந்தாலும் சொல்லலாம், பத்து ரூபாய்ப் பொருளை முப்பதுக்குத் தலையில் கட்டினாலும் அதுதான். ‘பே த்ரூ த நோஸ்’, அதாவது மூக்கு வழியாகக் கட்டுவதில் வேறு வழியில்லாமல் கட்டினேன் என்கிற கடுப்பு இருக்கிறது. இன்னொன்று, அதைச் சொல்லும்போது ஆள்தான் கட்டுகிறான், கை கால் தொடரில் பொருள்தான் பிடுங்குகிறது. ரெண்டையும் குழப்பி, ‘இட் காஸ்ட் மீ த்ரூ த நோஸ்’ என்று எங்கள் கிளாஸிலேயே ஒருத்தர் சொன்னார், சூப்பர் என்று கைதட்டு வேறு.

கடைசியாக ‘ஸ்டீப்’. செங்குத்து. பேரம் பேசும் இடத்தில் மரியாதையாக ஓடுகிற வார்த்தை இந்த ஒன்றுதான், அதைத் தாளில் எண்பதாவதோ எண்பத்தொன்றாவதோ போட்டுவைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் ‘எ பிட் ஸ்டீப்’ என்று எழுதினால், அந்த ‘எ பிட்’டைப் பார்த்துக் கொஞ்சம்தானே என்று நினைத்து ஏமாந்த மெர்ச்சன்டைசர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர், நானும் ஒருத்தன். அவர்கள் கொஞ்சம் என்றால் நிறைய.

அடுத்து அந்தக் கை. நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாம் கை, இடுப்புக்குக் கீழே எல்லாம் கால். ஆங்கிலத்தில் ரெண்டு ரெண்டு வார்த்தை, கைக்கு ‘ஆர்ம்’, ‘ஹேண்ட்’, காலுக்கு ‘லெக்’, ‘ஃபுட்’. அதனால் பாதிப் பேர் ‘ஹேண்ட் அண்ட் லெக்’ என்கிறார்கள், இல்லாவிட்டால் ‘ஆர்ம்ஸ் அண்ட் லெக்ஸ்’ என்று எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார்கள். ஒன்று ஒன்றுதான், ‘ஆர்ம்’, ‘லெக்’, அந்த வரிசையில்தான். மாற்றினால் இங்கிலாந்துக்காரருக்குக் காதில் கல் விழுந்த மாதிரி இருக்கும், குதிரை விலை யானை விலை என்று யாராவது சொன்னால் நமக்கு இருப்பதைப் போல. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்லும்போதும் ‘காஸ்ட்’தான், ‘காஸ்டட்’ இல்லை. திருப்பூர்க்காரர்கள் இதில் நிச்சயம் வழுக்குவோம், ஏனென்றால் நாங்கள் தினமும் காஸ்டிங் போடுகிறவர்கள், அந்த வேலைக்கு ‘காஸ்டட்’ சரியான வார்த்தை, இந்த ஸ்டைலை நான் காஸ்டட் என்றால் விலைக் கணக்குப் போட்டேன் என்று பொருள். கை கால் போனதற்கு அது வராது. இந்த வித்தியாசம் இந்த ஊருக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று. அந்த நேரத்தில் எங்களுக்கு என்ன நடந்தது தெரியுமா, கதை நடந்தது.

ஜார்ஜ் வாஷிங்டன் காலத்தில் ஓவியர்கள் தலையை மட்டும் வரைந்தால் ஒரு விலை, கை வரைந்தால் கூட, கால் வரைந்தால் இன்னும் கூட, அதனால்தான் இந்தத் தொடர் பிறந்தது என்று இருபது நிமிஷம். நாங்களும் வாய் பிளந்து கேட்டோம். இந்தக் கதை வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் இன்னும் சுற்றுகிறது. வாஷிங்டன் செத்தது 1799. இந்தத் தொடர் அமெரிக்க அச்சில் நடமாட ஆரம்பித்தது இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு. நடுவில் நூற்றைம்பது வருஷம் அது எங்கே போய் ஒளிந்திருந்தது? அந்தக் காலத்து ஓவியர்கள் மார்பு வரை, முழு உருவம் என்று படத்தின் அளவுக்குத் தகுந்தபடி விலை வைத்தது உண்மைதான், ஆனால் கையை எண்ணிக் காசு வாங்கினார்கள் என்பதும் அதிலிருந்துதான் இது வந்தது என்பதும் கப்சா. போரில் கை கால் இழந்தவர்களிலிருந்து வந்தது என்றும் ஒரு சாரார் சொல்கிறார்கள், கேட்க நம்பும்படி இருக்கிறது, ஆனால் ஆதாரம் கிடையாது.

‘டேலைட் ராபரி’க்கும் இதே கூத்து. இங்கிலாந்தில் 1696-ல் ஜன்னல் வரி போட்டார்கள், வீட்டில் ஜன்னல் கூடக்கூட வரி கூடும், ஜனங்கள் செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார்கள், 1851-ல்தான் ரத்து செய்தார்கள். இதெல்லாம் நிஜம், அடைத்த ஜன்னல்கள் அங்கே பழைய வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஆனால் வெளிச்சத்தைத் திருடியதால் இந்தப் பெயர் என்பது ஒட்டுப்போட்ட கதை. அநியாய விலை என்ற அர்த்தத்தில் அந்தத் தொடர் புழக்கத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரே, கூச்சமில்லாமல் செய்கிற கொள்ளை, அவ்வளவுதான். நமக்குப் புரிய அதற்கு ஜன்னல் எதற்கு?

உடம்பை அடகு வைக்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது என்று சொல்லியிருந்தாலாவது பிரயோஜனம். ஸ்பானிஷ்காரர் முகத்திலிருந்து ஒரு கண்ணைக் கொடுக்கிறார். பிரெஞ்சுக்காரர் தலையிலிருக்கும் ரெண்டு கண்ணையும் கொடுத்துவிட்டு, போதாததற்குப் பின்புறத்துத் தோலையும் உரித்துத் தருகிறார், சத்தியமாக, அவர்கள் மொழியில் அப்படி ஒரு தொடர் உண்டு. நம் பையன்கள் புது ஐபோன் வரும்போதெல்லாம் கிட்னியை விற்கிறார்கள். இப்படி ஒரு வரிசையாகச் சொன்னால் அது விலைச்சீட்டு இல்லை, அலறல் என்று எந்த மண்டைக்கும் ஏறும்.

இதைவிடக் கடுப்பு, தமிழிலேயே இப்போது இது இறங்கிவிட்டது. ‘இந்தச் சுற்றுலா உங்களுக்கு ஒரு கை மற்றும் ஒரு கால் செலவாகாது’ என்று ஒரு பயணப் பக்கத்தில் வாசித்தேன். இயந்திரம் மொழிபெயர்த்திருக்கிறது, மனுஷன் பார்க்காமல் ஏற்றியிருக்கிறான். சுற்றுலா விளம்பரமா விபத்துச் செய்தியா? அந்த ‘மற்றும்’ வேறு, எலும்பு முறிவு வார்டில் பில் போடுகிற மாதிரி. கையைக் கடிக்காது என்று எழுதினால் கை கூடத் தப்பித்திருக்குமே, அதிலும் கைதான் இருக்கிறது, வேண்டுமென்றால் அதிலேயே ஆசை தீர்த்துக்கொள்ளலாமே. (நம் கொள்ளையும் லேசுப்பட்டதில்லை. கொள்ளை விலை என்றால் வாங்க முடியாது, கொள்ளை மலிவு என்றால் அள்ளிக்கொண்டு வரலாம். இதை எந்த ஜெராக்ஸ் தாளில் எந்த வெள்ளைக்காரருக்கு எழுதிக் காட்டுவது?)

என் அக்கா மகள் ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறாள், வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு. அவளுக்கும் அதே நூறு, வேறு கிளாஸ், வேறு ஜெராக்ஸ். தேர்வுக் கட்டணமே பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் கோச்சிங். ஏழு பேண்ட் மதிப்பெண்ணுக்கான அளவுகோலில் மரபுத்தொடர் பற்றி ஒரு குறிப்பு இருப்பது உண்மைதான், அதைப் பிடித்துக்கொண்டு மூணு பதிலுக்கு ஒரு தொடரைச் செருகு என்கிறார்களாம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தோசை, அது எனக்கு ஒரு கையும் காலும் ஆச்சு என்று ஒப்பித்துக் காட்டினாள். எந்த ஹோட்டல்டி என்றேன். கோபித்துக்கொண்டு போனவள்தான், ரெண்டு நாளாகப் பேசவில்லை.

வாத்து சாம்பிள் என் சீட்டுக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது, அழகாகத்தான் வந்திருக்கிறது, மஞ்சள் நூல், ஆரஞ்சு மூக்கு. அந்த பையர் அம்மா இப்போதெல்லாம் ரேட் கேட்கும்போது, இந்த முறை எத்தனை உறுப்பு என்று கேட்டுத்தான் மெயிலையே ஆரம்பிக்கிறார். நூல் விலை ஏறிவிட்டதால் செவ்வாய்க்கிழமை புது ரேட் அனுப்பினேன், வெறும் எண் மட்டும், ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. இன்று மத்தியானம் பதில் வந்திருக்கிறது. ‘எ பிட் ஸ்டீப்.’ முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், இன்னும் சொல்லவில்லை.