அது கிறுக்கல் இல்லை சார், சுருக்கெழுத்து

சீனக் கரையோர மக்காவ் நகரில் ஒரு தெரு நாவிதரை ஜார்ஜ் சின்னரி என்ற ஆங்கிலேய ஓவியர் வரைந்த பழைய கோட்டோவியம் ஒன்று. அதை ‘சுத்தம்’ பண்ணி இணையத்தில் போட்டவருக்கு லைக் குவிகிறது. வாழ்த்துகள். “ஓரத்துல இருந்த கிறுக்கலை எல்லாம் எடுத்துட்டேன், இப்ப பளிச்சுனு இருக்கு” என்கிறார்.

அது கிறுக்கல் இல்லை. கர்னி முறைச் சுருக்கெழுத்து. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் வழக்கு விசாரணையைக் குறித்துக்கொண்ட அதே முறை. பெரும்பாலும் மெய்யெழுத்துக் கோடுகள்தான். ஒரு வளைவு தேய்ந்தால் சொல்லே மாறிவிடும். ஜார்ஜ் சின்னரி தனக்குத்தானே எழுதிய குறிப்பு அது. உருவத்தின் அளவு சரியா, இன்னும் எதைச் சேர்க்கணும் என்ற மாதிரி.

கல்கத்தாக் கடன்காரர்களுக்குப் பயந்து 1825இல் மக்காவ் போனவர், 1852இல் சாகும்வரை அங்கேதான். சாவ் டொமிங்கோஸ் தேவாலயத்தின் முன்னால் கடை போட்டவர்கள், குந்திச் சூதாடுகிறவர்கள், படகுப் பெண்கள், பன்றிகள் என்று தெருவில் கண்டதையெல்லாம் வரைந்தார். முன்தலை மழிக்கிற நாவிதர் உங்களுக்காகக் கத்தியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாரா? அதனால் முதலில் பென்சிலில் விறுவிறுவென்று நாலு கோடு. அதே ஆள் ஒரே தாளில் இரண்டு மூன்று தடவை வருவார். அப்புறம் அதன்மேல் பேனா, பழுப்பு மை. பக்கத்தில் சுருக்கெழுத்து, தேதி. பின்னாளில் அந்த ஆளை ஒரு பெரிய ஓவியத்துக்குள் கொண்டுபோகும்போது கைகொடுப்பது இந்தக் குறிப்புதான்.

ஆப்பில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் மங்கல் பென்சில் தாளோடு வெளுத்துப்போகும், மைக்கோடு தடித்துவிடும். கை முதலில் எங்கே இருந்தது, மையில் எங்கே நகர்ந்தது என்பது போச்சு. ஓரத்தை வெட்டினால் தேதியும் போச்சு. தேதி போனால் என்னவா? மக்காவின் புனித பவுல் தேவாலயம் 1835 ஜனவரியில் எரிந்து முகப்பு மட்டும் மிஞ்சியது. முகப்பை நேரே பார்த்து வரைந்த படத்தில் ஆண்டு இல்லையென்றால், பின்னால் கட்டடமா வெறும் வானமா? சொல்லுங்கள்.

“வெள்ளைக்காரன் வரைஞ்சதுக்கு இவ்வளவு உருகணுமா?” உருகவில்லை. பணக்கார வியாபாரிகளின் முகத்தை வரைந்துதான் அவர் சோறு தின்றார், அதுவும் தெரியும். 1802 முதல் அஞ்சு வருஷம் நம்ம சென்னையிலும் அதே பிழைப்புதான்.

“நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்தா போதாதா?” சேரட்டும். முழுத்தாளை 600 டிபிஐயில், நாலு விளிம்பும் தெரிய ஸ்கேன் பண்ணி, தரம் குறையாத டிஃப் கோப்பாக எடுத்து வையுங்கள். நகலில் என்ன கூத்து வேண்டுமானாலும் அடியுங்கள். ‘மாற்றியது’ என்று ஒரு வரி போடுங்கள். அந்தப் பதிவின் கீழே இதைத்தானே கேட்டேன்? அதற்கு வந்த பதில்கள் “பொறாமை”, “அங்கிள், ரெஸ்ட் எடுங்க”. சரிங்க.

அந்த நாவிதரின் பெயர் நமக்குத் தெரியாது. அவரைப் பார்த்தவர் பக்கத்தில் போட்ட ஒரு வரி இருந்தது. அதைப் படிக்கக்கூட முயலாமல் அழித்தாயிற்று. இப்போது வெள்ளைவெளேர் என்ற இடத்தில் யாரோ ஒருவர் யாருக்கோ தலை மழிக்கிறார். பளிச்சென்றுதான் இருக்கிறது.